தெரிந்து ஆடுகிறவள்

முப்பத்தைந்து நிமிஷம் தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லி, நெற்றியோரமெல்லாம் எண்ணெய் தடவி, டை அப்பிய தலைக்குமேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டு பார்லர்க்காரி பெனசிர் உள்ளறைக்குப் போனதும் மரகதவல்லிக்குச் சிரிப்பு வந்தது, இந்தத் தலை யாருக்காக அசைந்திருக்கிறது இதுவரை, இருபத்திரண்டு வருஷமாகத் திண்டுக்கல்லில் இன்சூரன்ஸ் விற்கிற தலை, கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்தாலும் சரி, மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவராக இருந்தாலும் சரி, பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குவாள், ஏமாற்றிவிட்டாள் என்று ஒருத்தர் வாசலில் வந்து நின்றதில்லை, அதற்குத்தான் இன்றைக்குச் சாயந்தரம் ஆறரைக்குக் கிளைக் கூட்டத்தில் கேடயம், அதற்குத்தான் இந்த டை. புதிதாகச் சேர்ந்த ஏஜெண்டுகளுக்குப் பத்து நிமிஷம் நீங்க பேசணும் மேடம் என்று மேனேஜரே போன் செய்து சொன்னார். எதைப் பேசுவது. நிபந்தனையைப் படி, படித்ததைச் சொல், சொன்னதை எழுதி வை. அவ்வளவுதான், இதற்குப் பத்து நிமிஷம் எதற்கு. இடது காதுக்கு மேலே அரித்தது. சொறிந்தால் விரல் கறுக்கும். அரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கழுத்துவரை போர்த்தியிருந்த துணிக்கு அடியில் மடிமேல் கிடந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், வயிற்றுப் பிள்ளைக்காரி வயிற்றைத் தொட்டுக்கொள்வது போல, சீச்சி, என்ன நினைப்பு இது. போனில் தம்பி தவசி பேசி அனுப்பியிருந்தது இருந்தது. ரெண்டு தரம் கேட்டாயிற்று. பதில் போடவில்லை.

"அக்கா, அந்த டைரில எழுதி வச்சிருக்கேன்னு சொன்னேல்ல, ஆட்டத்துல வர்ற வார்த்தைக்கெல்லாம் அர்த்தம், அதப் போட்டோ புடிச்சு அனுப்பிவிடேன். சும்மா தெரிஞ்சுக்கிறலாம்னுதான்."

சும்மா தெரிஞ்சுக்கிறலாம்னுதான். அந்தச் சும்மாவில் ஏதோ உறுத்தியது. ஏழு பக்கம், காலையிலேயே தோசைக்கல் காயும் நேரத்தில் படமெடுத்துவிட்டாள், விரலை வைத்தால் போய்விடும், வைக்கவில்லை. தவசி மினி பஸ் ஓட்டுகிறவன், வத்தலக்குண்டு ரோட்டில் அவன் ஹாரன் அடித்தால் அவன்தான் என்று தெரியும், நல்ல பிள்ளை, எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் அவள் வீட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, சொந்தமாக வேன் வாங்க வைத்திருந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தையும் போனில் சீட்டும் சக்கரமும் சுற்றித் தொலைத்துவிட்டதாகச் சொல்லி அழுதான். அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம்கூட அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது வெட்கம், இந்த வீட்டுப் பிள்ளையா, என் தம்பியா, பொடி எழுத்துக்குப் பேர்போன மரகதவல்லியின் தம்பியா, யாருக்கும் தெரியக் கூடாது, வீட்டுக்காரருக்கும் தெரியக் கூடாது. அப்புறம் வந்த கோபத்தில் அவள் கத்தினது அவளுக்கு இன்னும் வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. "என்னான்டு தெரியாமயாடா கைய வச்ச? நூறு ரூவா போட்டா எவ்வளவு திரும்பும்னு தெரியுமா ஒனக்கு? போனஸ்னா என்னான்டு தெரியுமா? ஒண்ணாச்சும் படிச்சியா?" அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "படிக்கலக்கா" என்றான். அன்றைக்கு அவன் போனிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கவைத்தாள். அழித்தான். அழித்ததோடு விட்டான், அதற்கப்புறம் அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, இன்றைக்குக் காலை ஏழு மணி பத்து நிமிஷம்வரை.

விடாதது இவள்தான். அவன் போன அன்றைக்கே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள், எங்கே போனது அந்தப் பணம், எந்த ஓட்டை வழியாகப் போனது, ஒரு நஷ்டஈட்டுக் கிளைமை ஆராய்கிற மாதிரிதான் ஆரம்பித்தாள், கம்பெனி கொடுத்த டைரியில் இடதுபக்கம் அவர்கள் வார்த்தை, வலதுபக்கம் அவள் அர்த்தம். அதை நினைக்கும்போதே பெருமையாக இருந்தது, இருக்காதா, யார் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு. ஆர்.டி.பி. என்று ஒன்று, போட்ட பணத்தில் ஆட்டம் திருப்பிக் கொடுக்கும் பங்கு, தொண்ணூற்றாறு என்று போட்டிருந்தால் நூறுக்கு நாலு ரூபாய் ஆட்டம் நடத்துகிறவனுக்கு, அந்த நாலுக்கு ஹவுஸ் எட்ஜ் என்று பேர், அவள் அதைக் கடைக்காரன் கமிஷன் என்று எழுதினாள். வொலாட்டிலிட்டி, அதற்கு அர்த்தம் பிடிபட ரெண்டு நாள் ஆயிற்று, கடைசியில் தூறலும் கொட்டுமழையும் என்று எழுதினாள், குறைவாக இருந்தால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வரும், அதிகமாக இருந்தால் வராமலே இருந்து வந்தால் கொட்டும், வருஷத்து மழை ஒன்றுதான், ஆனால் பயிர் பிழைக்குமா என்பது வேறு. வேஜரிங். அதுதான் தாய்க்கிழவி, எல்லாரும் விழுகிற குழி. போனஸ் பத்தாயிரம் தருகிறேன் என்பான், அதை எடுக்க வேண்டுமென்றால் முப்பத்தைந்து மடங்கு உருட்ட வேண்டும் என்று அடியில் இருக்கும், பத்தாயிரத்துக்கு மூன்றரை லட்சம் பந்தயம் கட்ட வேண்டும், தவசி மாதிரி ஆட்கள் பத்தாயிரத்தைப் பார்ப்பார்கள், மரகதவல்லி மூன்றரை லட்சத்தைப் பார்த்தாள். நூறுக்கு நாலு போனால் மூன்றரை லட்சத்துக்குப் பதினாலாயிரம் போகும், போனஸே பத்துதான், ஆக நஷ்டம். ஆனால் நூறுக்கு ரெண்டரை மட்டுமே பிடிக்கிற ஆட்டமாகத் தேடி எடுத்தால் போவது எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது, மிச்சம் ஆயிரத்து இருநூற்று ஐம்பது லாபம். அந்தக் கணக்கு வந்த அன்றைக்கு அவள் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் எடுக்காமல் நின்றாள். கண்டுபிடித்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அர்த்தம் தெரிந்தவளுக்கு இதில் வழி இருக்கிறது. சீட்டு ஆட்டத்தில் கட்டினால் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும் என்பது தெரியும், ஒரு பந்தயத்துக்கு நானூறுக்கு மேல் வைத்தால் போனஸ் ரத்து என்பது தெரியும், ஏழு நாளைக்குள் முடிக்காவிட்டால் மொத்தமும் ரத்து என்பது தெரியும். நம்மூரில் இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டிருக்கிறார்கள் என்பதும் எங்கோ ஒரு தீவில் பதிவு செய்த கடை இது என்பதும்கூடத் தெரியும், அதையும் எழுதி வைத்திருக்கிறாள். தெரியாமல் ஆடுகிறவர்களுக்குத்தானே தடை, தெரிந்தவளுக்கு என்ன, என்று அதற்குப் பக்கத்திலேயே மனசுக்குள் ஒரு வரி. அந்த வரியை மட்டும் டைரியில் எழுதவில்லை.

மடியில் போன் மெல்ல அதிர்ந்தது, ஏதோ கொஞ்சம் விழுந்திருக்கிறது, துணியை விலக்கிப் பார்த்தாள். அவள் கட்டிய ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்றரையில் ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் உருட்டியாயிற்று, பாக்கி அறுபதாயிரம், இன்றைக்கு ஆறு மணிக்கு ஏழாவது நாள் முடிகிறது, நூறு நூறாக அறுநூறு சுற்று, தானாகச் சுற்றும்படி விட்டால் அரைமணி நேரத்து வேலை. டை காய்வதற்கும் இதற்கும் சரியாக இருக்கும் என்று பெனசிர் தூரிகையைக் கலக்கும்போதே கணக்குப் போட்டுவிட்டாள். கேடயம் வாங்கப் போகும்போது இதுவும் முடிந்திருக்கும். அவள் போட்ட பத்தாயிரமும் போனஸ் பத்தாயிரமுமாக ஆரம்பித்தது இருபத்துமூவாயிரத்து நானூறுவரை வந்திருந்தது, இப்போது இருபத்திரண்டு எண்ணூறு, அது அப்படித்தான் ஏறி இறங்கும், தூறல் ஆட்டம், பயப்பட ஒன்றுமில்லை. அம்மோனியா வாடை மூக்கில் ஏறிக் கண் கரித்தது. எதிர்க் கண்ணாடியில் பார்த்தால் தலையில் உறையும் கழுத்துக்குக் கீழே துணியுமாக முகம் மட்டும் தனியாக எடுத்து வைத்த மாதிரி இருந்தது, ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற பொம்பளை, அந்த நினைப்பு பிடிக்கவில்லை, மேடைக்கு நினைப்பைத் திருப்பினாள், பட்டா பருத்தியா, பருத்திதான், பேச ஏறுகிறவள் பட்டு கட்டினால் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருக்கும். தவசிக்குப் பக்கங்களை அனுப்பிவிடலாம். தெரிந்துகொள்ளட்டுமே. படிக்கலக்கா என்று சொன்னவன் இன்றைக்குப் படிக்கக் கேட்கிறான், அது நல்லதுதானே, அவள் சொன்னதால்தானே கேட்கிறான். கட்டைவிரல் அவன் பெயர்வரைக்கும் போய் மறுபடியும் நின்றது.

பெனசிர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உறையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். "இன்னும் புடிக்கணும்க்கா. பதினஞ்சு நிமிஷம்." போகாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளும் பாலிசிக்காரிதான், பார்லர் திறந்த வருஷமே மரகதவல்லியிடம் விபத்துப் பாலிசி எடுத்தவள். "ஒண்ணு கேக்கணும்க்கா, கோச்சுக்காதீங்க. பதினோரு வருஷமா கட்டுறேன். அல்லாஹ் புண்ணியத்துல கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. அப்ப நான் கட்டுன காசெல்லாம் எங்கதான்க்கா போகுது?"

ஆயிரம் தரம் சொன்ன பதில், நாக்கு தானாகவே சொல்லிற்று. "ஒனக்கு மட்டும் பாக்காத பெனசிர். ஒன்ன மாதிரி ஒரு லட்சம் பேரு கட்டுறாங்க. அதுல யாருக்கு அடிபடும்னு கம்பெனிக்குத் தெரியாது. ஆனா எத்தனை பேருக்கு அடிபடும்னு தெரியும். அது தெரிஞ்சாப் போதும், கம்பெனி தோக்காது. அவ்வளவு பேரையும் ஒண்ணா வச்சுப் பாத்தா எல்லாம் சரியா வரும்."

"கம்பெனிக்கு வரும். எனக்கு?" என்றாள் பெனசிர்.

"ஒனக்கு அடிபட்டா லட்சம் லட்சமா வரும், படலேன்னா ஒண்ணும் வராது. ரெண்டுல ஒண்ணு. நடுவுல இருக்கிறது கம்பெனியோடது."

"அப்ப நான் படாமலே இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே அவள் எழுந்து டீ போடப் போனாள். மரகதவல்லியும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டது. நடுவுல இருக்கிறது கம்பெனியோடது. இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் சொன்னது, இன்றைக்கு என்ன. மாலைக்குப் பருத்திப் புடவை. கேடயத்தை எங்கே வைப்பது, டி.வி.க்கு மேலே இடமில்லை. நடுவுல இருக்கிறது. ஆயிரத்து இருநூற்று ஐம்பது லாபம் என்று மொட்டைமாடியில் நெஞ்சடித்ததே, அது எங்கே இருக்கிறது, அது நடுவில் இருக்கிறது, லட்சம் பேர் அந்தப் போனஸை வாங்கி லட்சம் பேரும் அதே ஆட்டத்தில் மூன்றரை லட்சம் உருட்டினால் எல்லாரையும் கூட்டி வகுத்தால் வருகிற தொகை அது, அது ஒரு மனுஷியின் கைக்கு வருகிற தொகையே இல்லை, ஒருத்திக்கு முப்பதாயிரம் வரும், ஒருத்திக்குப் பாதியிலேயே எல்லாம் தீரும், தீர்ந்தவள் அடுத்த போனஸுக்கு மறுபடி பணம் போடுவாள். அவள் கணக்கில் தப்பில்லை. கணக்கு சரி, அர்த்தம் சரி, ஒரு எழுத்துப் பிசகில்லை. உட்கார்ந்த இடம்தான் தப்பு. இருபத்திரண்டு வருஷம் கவுண்டருக்கு உள்ளே கம்பெனி பக்கம் நின்றே பேசிப் பழகி, கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்கும்போதும் தான் உள்ளே நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சராசரியைப் பேசினாள், கம்பெனி மாதிரி பேசினாள், அவள் கம்பெனி இல்லை, பிரீமியம் கட்டுகிற பெனசிர். உறைக்கு உள்ளே வியர்த்தது, டை உருகிக் கழுத்தில் இறங்குகிறதோ என்று பயமாக இருந்தது, தொட்டுப் பார்த்தாள், வியர்வைதான். இல்லை, இப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, நடுவில் ஜெயித்திருக்கிறாள், பொங்கலுக்கு முந்தின வாரம் பத்தொன்பதாயிரம் எடுத்தாளே, மிக்ஸி வாங்கினாளே, அது நிஜம்தானே. அதற்கு முன்னால் போட்டது. அதை எங்கே எழுதியிருக்கிறாள். எழுதவில்லை. வார்த்தைகளுக்கு ஏழு பக்கம் எழுதினவள் அதை ஒரு மூலையில்கூட எழுதவில்லை. போனில் இருக்கும். இருக்கிறது, எப்போதும் இருந்தது, கணக்கு வரலாறு என்று ஒரு பக்கம், மேலே வலது மூலையில், எல்லாப் பொடி எழுத்தையும் படித்தவள் அதை மட்டும் ஒரு நாளும் திறந்ததில்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியும்.

திறந்தாள். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் நடுவிலேயே மறைந்தது. ஆறு மாசத்தில் உள்ளே போட்டது ரெண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம். வெளியே எடுத்தது எழுபத்தோராயிரம். கழிப்பதற்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம். கண்ணாடியைப் பார்த்தாள், பார்க்கப் பிடிக்காமல் கண்ணை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் தெரியாமல் கையை வைத்த தவசி தொலைத்ததைவிட முப்பத்தேழாயிரம் கூட. அவள் வருஷக் கமிஷனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் வீட்டில் இடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். என்னான்டு தெரியாமயாடா கைய வச்ச. அதைத்தானே கேட்டாள் அவனிடம், கையை வைத்ததைக் கேட்கவில்லை, தெரியாமல் வைத்ததைக் கேட்டாள், அவளுக்கு உறைத்த தப்பு அதுதான், அவள் வீட்டுப் பிள்ளை படிக்காமல் ஒன்றைச் செய்துவிட்டான் என்பதுதான். அவன் அதை அப்படியே வாங்கி மனசில் வைத்துக்கொண்டு எட்டு மாசம் பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்கு வந்து, சரிக்கா, தெரிஞ்சுக்கிறேன், அர்த்தத்தைக் குடு என்கிறான். தெரிந்துகொண்டால் தப்பில்லை என்று சொன்னது யார். அவள் அந்த ஏழு பக்கத்தை அனுப்பினால் அவன் ராத்திரியே படிப்பான், அக்கா எழுதினது என்று மரியாதையோடு படிப்பான், நாளைக்குத் திரும்ப உள்ளே போவான், இந்தத் தடவை பயமில்லாமல் போவான், அவளை மாதிரி. நல்லவேளை என்று நினைத்தாள், நல்லவேளை அந்தச் சும்மாவில் உறுத்திற்று. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடலாமா. டைரி தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். உனக்கு எதற்குடா அதெல்லாம் என்று அதட்டலாம், அதட்டினால் அடங்குவான், அக்காவாக இருந்துகொண்டே முடித்துவிடலாம், கேடயத்தோடு கௌரவமாக. அடங்குவானா. அதட்டலால் அடங்கினவனா இந்த எட்டு மாசமும் இருந்தான், அதட்டல் ஒரு நாளைக்குத் தாங்கும், மிச்சத்தை அவன்தான் தாங்கியிருக்கிறான், பஸ் ஸ்டாண்டில் சவாரி ஏறுகிறவரைக்கும் கையில் போனோடு உட்கார்ந்திருக்கிற டிரைவர்கள் நடுவில் தினமும் அவன் அதைத் தொடாமல் இருந்திருக்கிறான், ஒரு நாளாவது எப்படிடா இருக்கே என்று அவள் கேட்டாளா. அவளால் ஒரு டை காய்கிற நேரம் இருக்க முடியவில்லை. அந்த வரலாற்றுப் பக்கத்தை அப்படியே படம் பிடித்தாள். இருபத்திரண்டு வருஷத்துப் பேரையும் சேர்த்து அனுப்புகிற மாதிரி இருந்தது. அனுப்பினாள். கீழே, இது என்னோடது, எல்லா அர்த்தமும் தெரிஞ்சு ஆடினது, என்று எழுதினாள். ரெண்டு நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டான். டீ கொதிக்கிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது, அப்புறம் போனே அடித்தது.

"அக்கா."

"ம்."

"எங்க இருக்க?"

"பார்லர்ல. தலைல டை."

"அழுகுறியா?"

"இல்லடா. கண்ணு கரிக்குது, டை வாட."

அவன் அதை நம்பினானோ இல்லையோ, விட்டுவிட்டான். பின்னால் கண்டக்டர் பையன் நிலக்கோட்டை நிலக்கோட்டை என்று கூவிக்கொண்டிருந்தான். "இப்பவும் உள்ள காசு கெடக்கா?"

"கெடக்கு. இருபத்திரண்டு சொச்சம். ஆறு மணிக்குள்ள உருட்டி முடிக்கலேன்னா போனஸ் போயிரும். நம்ம போட்ட காசயாச்சும் எடுத்துர்றேன்."

"எடுக்காதக்கா."

"பத்தாயிரம்டா, நம்ம காசு."

"எடுக்கத்தான்க்கா அப்ப நானும் ரெண்டு தரம் உள்ள போனேன். எடுக்கப் போற கைதான் ஆடிட்டு வரும். ஒனக்கு எல்லாத்துக்கும் அர்த்தம் தெரியும், இது தெரியாது. கெடந்துட்டுப் போகட்டும். வண்டிய மாத்து டிரைவர் முருகேசண்ட்ட குடுத்துட்டு வர்றேன், இருவது நிமிஷம். அதுவரைக்கும் போனத் தொடாத." வைப்பதற்கு முன், "இன்னைக்கு எனக்கு மனசு சரியில்லாமத்தான்க்கா ஒன்ட்ட கேட்டேன். நீ அனுப்பியிருந்தேன்னா ஆடியிருப்பேன்" என்றான்.

அவள் போனைக் கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்தாள். பத்தாயிரம் கிடக்கிறது, தொட்டால் வந்துவிடும், தொட வேண்டாம் என்று மினி பஸ் டிரைவர் ஒருத்தன் சொல்கிறான், தாவாவில் வக்கீலுக்கே வழி சொல்லிக்கொடுத்தவள் அதற்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஒன்றை அவள் எந்தப் பக்கத்திலும் படிக்கவில்லை. அவன் படித்திருக்கிறான். எங்கே உட்கார்ந்து, எத்தனை நாள், யாரிடமும் சொல்லாமல் எப்படிப் படித்தான் இதை. விரல் ஒரு தரம் போன்பக்கம் போனது. மடக்கிக்கொண்டாள். நெஞ்சுக்குள் காலையிலிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தது எதுவோ சரிந்துபோய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது, அதுவும் பெருமைதான், ஆனால் தன்னைப் பற்றி இல்லை.

பெனசிர் டீயோடு வந்தாள். உறையைத் தூக்கிப் பார்த்து, நல்லாப் புடிச்சிருச்சுக்கா என்றாள். கண்ணைப் பார்த்தாள். "போன்ல யாருக்கா? ஏதும் கெட்ட சேதியா?"

யாருக்கும் தெரியக் கூடாது என்று எட்டு மாசமாகப் பூட்டி வைத்திருந்ததை, வாசல்வரைக்கும் கேட்கிற குரலில் மரகதவல்லி சொன்னாள்.

"என் தம்பி பெனசிர். பணம் வச்சு ஆடிக்கிட்டு இருந்தான். எட்டு மாசமா ஆடாம இருக்கான். இங்கதான் வர்றான், பாரு."